கட்டத்துக்குள் ஒரு நியாயம்

1920களின் தொடக்கத்தில் நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் செயலாளராகச் சேர்ந்தார் மார்கரெட் பெதர்பிரிட்ஜ். அலுவலகத்தில் யாரும் விரும்பாத ஒரு வேலை அவர் தலையில் விழுந்தது. வாசகர்கள் தபாலில் அனுப்பும் குறுக்கெழுத்துப் புதிர்களில் ஒன்றைத் தேர்ந்து அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அவர் அதுவரை ஒரு புதிரைக்கூட விடுவித்துப் பார்த்தவரில்லை. பார்வைக்கு அழகாக இருப்பதை எடுத்து அப்படியே அச்சுக்கோப்பவர்களிடம் அனுப்பிவந்தார். எண்கள் மாறின, சில சொற்களுக்குக் குறிப்பே இல்லாமல் போனது, விடைகளில் பிழை மலிந்தது. அதே நாளிதழில் பத்தி எழுதிவந்த ஃபிராங்க்ளின் பி. ஆடம்ஸ் குறுக்கெழுத்துப் பைத்தியம். புதிர் வெளியாகும்போதெல்லாம் பிழைகளை எடுத்துச் சொல்லி அவரை விடாமல் குடைந்தார். கடைசியில் பெதர்பிரிட்ஜ் தானே பென்சிலை எடுத்துக்கொண்டு ஒரு புதிரின் முன் உட்கார்ந்தார். விடுவிக்க முடியவில்லை. தான் வாரந்தோறும் வாசகர்களுக்கு என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அன்றுதான் அவருக்குப் புரிந்தது.

குறுக்கெழுத்தின் வரலாறு வழக்கமாக 1913 டிசம்பர் 21ஆம் தேதியிலிருந்து தொடங்கும். அன்றுதான் லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின், அதே வேர்ல்டு இதழின் ஞாயிறு இணைப்பில் வைர வடிவிலான முதல் புதிரை வெளியிட்டார். அந்தப் பெருமை அவருக்கே உரியது. ஆனால் ஒரு பொழுதுபோக்கை ஒரு கலையாக நிலைநிறுத்தியது அந்தச் செயலாளர் மேசையில் நடந்த திருத்தல் வேலைதான். புதிரை உண்டாக்குபவர் ஒருவர், அதை விடுவிக்கத் தக்கதாக்குபவர் இன்னொருவர் என்ற பிரிவினை அங்கே பிறந்தது. நூறாண்டுக்கு மேலாகியும் குறுக்கெழுத்து உயிரோடு இருப்பதற்கு இந்தப் பிரிவினையே முதல் காரணம்.

பெதர்பிரிட்ஜும் அவரது சக ஆசிரியர்கள் இருவரும் சேர்ந்து தொகுத்த முதல் குறுக்கெழுத்துப் புத்தகம் 1924இல், பென்சில் ஒன்றையும் இணைத்துக்கொண்டு, வெளிவந்தது. சைமன் அண்டு ஷுஸ்டர் என்ற பதிப்பகம் பிறந்ததே அந்தப் புத்தகத்தோடுதான். அமெரிக்கா முழுவதும் மோகம் பரவியது. அதே ஆண்டில் நியூயார்க் டைம்ஸ் இதைப் பாவகரமான நேர விரயம் என்று சாடியது. பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பிறகு அந்த நாளிதழின் மனம் மாறியது. போர்ச் செய்திகளால் களைத்த வாசகருக்கு ஏதேனும் ஆறுதல் வேண்டும் என்று அதன் ஆசிரியர் குழு கருதியது. 1942 பிப்ரவரி 15 அன்று அதன் முதல் ஞாயிறு புதிர் வெளியானது. ஆசிரியர் வேறு யாருமல்ல, திருமணத்துக்குப் பின் மார்கரெட் ஃபாரர் ஆகியிருந்த அதே பெதர்பிரிட்ஜ். 1969 வரை அவர் அந்த நாற்காலியில் இருந்தார்.

அவர் காலத்தில் உறுதிப்பட்ட விதிகள்தாம் இன்றும் அமெரிக்கப் புதிரின் அடித்தளம். கட்டத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் கறுப்பு அறைகள் அதே இடங்களில் நிற்க வேண்டும். ஒவ்வொரு எழுத்தும் இடமிருந்து வலமாக ஒரு சொல்லிலும் மேலிருந்து கீழாக இன்னொரு சொல்லிலும் இடம்பெற வேண்டும். இரண்டெழுத்துச் சொற்களுக்கு இடமில்லை. காலை உணவு மேசையில் வாசகரின் முகம் சுளிக்கவைக்கும் நோய், சாவு போன்றவை வேண்டாம். சமச்சீர் விதி அழகுக்கானது என்பதை ஒப்புக்கொள்ளலாம். மற்றவை அனைத்தும் விடுவிப்பவரின் பக்கம் நின்று எழுதப்பட்டவை. ஒரு சொல் தெரியாவிட்டாலும் அதை வெட்டிச் செல்லும் சொற்கள் வழியே அதன் ஒவ்வொரு எழுத்தையும் அவர் கண்டுபிடித்துவிட முடியும்.

இந்த உத்தரவாதம் எங்கே முறிகிறது என்பதற்கு அமெரிக்கப் புதிர் ரசிகர்கள் ஓர் ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். 2008இல் நியூயார்க் டைம்ஸ் புதிர் ஒன்றில் பாஸ்டன் மாரத்தான் பாதையில் எட்டாவது மைலில் வரும் நேட்டிக் என்ற சிற்றூரும், என். சி. வையத் என்ற ஓவியரின் பெயரும் ஓர் எழுத்தில் வெட்டிக்கொண்டன. இரண்டும் தெரியாதவருக்கு அந்த அறையில் எந்த எழுத்தை எழுதுவது என்று யோசிக்கக்கூட வழியில்லை, குருட்டாம்போக்கில் எழுதுவதைத் தவிர. அன்று முதல் இப்படிப்பட்ட சந்திப்புக்கு ‘நேட்டிக்’ என்றே பெயர். நல்ல ஆசிரியரின் முதல் வேலை நேட்டிக்குகளைத் தேடிப்பிடித்து உடைப்பது.

1993இலிருந்து ஃபாரரின் நாற்காலியில் இருப்பவர் வில் ஷார்ட்ஸ். இண்டியானா பல்கலைக்கழகத்தில் புதிரியல் என்ற படிப்பைத் தனக்காகத் தானே வகுத்துக்கொண்டு 1974இல் பட்டம் பெற்றவர். தன் மேசைக்கு வரும் புதிர்களில் சராசரியாகப் பாதிக் குறிப்புகளைத் தானே மாற்றி எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். புதிர் அமைப்பவர்கள் இதைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஏனென்றால் அவர்களில் மிகப் பலருக்கு இது தொழில் அல்ல. ஆசிரியர்கள், பொறியாளர்கள், இசைக்கலைஞர்கள், மாணவர்கள், ஓய்வுபெற்றவர்கள் எல்லாரும் மாலை நேரத்தில் கட்டம் போடுகிறார்கள். பெரிய வருமானம் கிடையாது. பெயர் அச்சில் வரும், நாடெங்கும் பலர் ஒரு காலைப்பொழுது தங்களோடு மல்லுக்கட்டுவார்கள், அதுவே கூலி.

அப்படிப்பட்ட பொழுதுபோக்காளர் ஒருவர் ஜெரிமையா ஃபாரல், இண்டியானாபொலிஸ் நகரத்தின் பட்லர் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1996 நவம்பர் 5, அமெரிக்க அதிபர் தேர்தல் நாள். அன்று வெளியான அவர் புதிரின் நடுவே, நாளைய நாளிதழின் தலைப்புச் செய்தி என்ற குறிப்பு இருந்தது. ‘கிளின்டன் தேர்வு’ என்று விடை வந்தது. வாக்கெண்ணிக்கை முடியுமுன்பே எப்படிச் சொல்லலாம் என்று வாசகர்கள் நாளிதழோடு சண்டைக்கு வந்தார்கள். வேறு சிலர், எதிர் வேட்பாளரான பாப் டோலின் பெயரைப் போட்டிருப்பது தவறு என்று குமுறினார்கள். இரு தரப்பும் சரிதான். ஆங்கிலத்தில் கிளின்டன் ஏழெழுத்து, பாப் டோல் என்பதும் ஏழெழுத்து. அந்த ஏழு இடங்களிலும் கீழ்நோக்கி வெட்டும் ஏழு குறிப்புகளும் இரண்டு விடைகளுக்கும் இடங்கொடுத்தன. ஹாலோவீன் பண்டிகைக்குரிய கறுப்பு விலங்கு பூனையாகவும் இருக்கலாம், வௌவாலாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் ‘கேட்’, ‘பேட்’ இரண்டுக்கும் முதலெழுத்து மட்டுமே வேறு. தையல் கடையில் வாங்குவது ‘யார்ன்’ என்ற நூலாகவும் இருக்கலாம், ‘யார்ட்’ கணக்கில் அளக்கும் துணியாகவும் இருக்கலாம். ஏழு எழுத்துகளுக்கும் இப்படி இரட்டைக் கதவு வைப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை ஒரு முறையேனும் கட்டம் போட்டுப் பார்த்தவர்கள் அறிவார்கள். இதே எண்ணத்தை 1980 தேர்தலுக்காக ஃபாரல் அனுப்பியபோது அப்போதைய ஆசிரியர் மறுத்துவிட்டார். பதினாறு ஆண்டுகள் கழித்து ஷார்ட்ஸ் அதை வெளியிட்டார்.

அட்லாண்டிக்குக்கு அப்பால் பிரிட்டனில் இதே பொழுதுபோக்கு வேறு பாதையில் போயிற்று. அங்கே கட்டத்தைவிடக் குறிப்பே முதன்மை பெற்றது. 1926 முதல் அப்சர்வர் இதழில் ‘டார்கெமாடா’ என்ற புனைபெயரில் புதிர் அமைத்த எட்வர்டு பொவிஸ் மேதர்ஸ், மொழிபெயர்ப்பாளரும் கவிஞருமானவர். சொற்களை அவர் தேர்ந்தெடுப்பார், அவற்றைக் கட்டத்துக்குள் பொருத்தித் தருவது அவருடைய மனைவி. ஸ்பெயின் நாட்டின் மத விசாரணைத் தலைவர் ஒருவரின் பெயரைச் சூட்டிக்கொண்டதிலேயே அவர் நோக்கம் தெரிகிறது: விடுவிப்பவரை வதைப்பது. 1939இல் அவர் இறந்தபின் அந்த இடத்துக்கு வந்த டெரிக் சாமர்செட் மக்நட், கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் என்ற பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் கற்பித்தவர். இன்னொரு விசாரணைத் தலைவரின் பெயரான ‘ஜிமெனிஸ்’ என்பதைப் புனைபெயராகக் கொண்டார். ஆனால் அவர் செய்த காரியம் நேர்மாறானது. வதைக்குச் சட்டம் எழுதினார்.

1966இல் வெளியான அவரது நூல் வகுத்த நெறியைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். சங்கேதக் குறிப்பு ஒவ்வொன்றிலும் விடையின் துல்லியமான பொருள் ஓர் ஓரத்தில் இருக்க வேண்டும். அந்த விடையை எழுத்துகளிலிருந்து கட்டியெழுப்பும் வழி மீதிப் பகுதியில் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் தவிர ஒரு சொல்கூட அதிகமாக இருக்கக் கூடாது. குறிப்பைப் படிக்கும்போது மனதில் தோன்றும் காட்சி வாசகரைத் திசைதிருப்பலாம், அதில் தவறில்லை. ஆனால் எழுதியிருப்பதை எழுத்துக்கு எழுத்து நம்பிப் போனால் விடை கிடைத்தே ஆக வேண்டும். அவருக்கு முன்பே ‘அஃப்ரிட்’ என்ற புனைபெயரில் புதிர் அமைத்த பாதிரியார் ஏ. எஃப். ரிட்சியும் இதே கருத்தை முன்வைத்திருந்தார். பாதிரியார், பள்ளி ஆசிரியர், கணிதப் பேராசிரியர் என்று இந்த வரிசை நீள்வது தற்செயல் என்று தோன்றவில்லை. பிறருக்குக் கற்பித்துப் பழகியவர்களுக்கு, எதிரிலிருப்பவர் கடைசியில் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற கரிசனம் இயல்பாகவே உண்டு.

ஜிமெனிஸ் இன்னொன்றையும் வளர்த்தார். விடுவிப்பவர்களுக்கு ஒரு சொல்லைக் கொடுத்து, அதற்கு அவர்களே குறிப்பு எழுதி அனுப்பும் போட்டி அது. சிறந்தவற்றைத் தேர்ந்து, ஏன் இது நன்று, ஏன் அது நியாயமற்றது என்று விளக்கிச் சிறு தாளில் அச்சிட்டு அனுப்புவார். 1972இல் அவருக்குப் பின் வந்த ‘அசெட்’ என்னும் ஜானதன் குரௌதர் அதைத் தொடர்ந்தார். பிரிட்டனின் புதிர் அமைப்பாளர்கள் பலர் இந்தப் போட்டியில் பயின்று வந்தவர்கள். சம்பளம் இல்லை, வகுப்பறை இல்லை, ஆனாலும் அது ஒரு பள்ளிக்கூடம்.

நிஜப் பள்ளிக்கூடமே புதிர்ப் பட்டறையான கதையும் உண்டு. 1944 மே மாதத்தில் டெய்லி டெலிகிராஃப் புதிர்களில் யூட்டா, ஒமாஹா, ஓவர்லார்டு, மல்பெரி, ஜூன் தொடக்கத்தில் நெப்டியூன் ஆகிய சொற்கள் அடுத்தடுத்து வந்தன. எல்லாமே நார்மண்டிப் படையிறக்கத்தின் ரகசியச் சொற்கள். புதிரை அமைத்தவர் லெனார்டு டா என்ற பள்ளித் தலைமையாசிரியர். உளவுத்துறை அவரை விசாரித்துவிட்டு, தற்செயல் என்று விட்டுவிட்டது. 1984இல் அவருடைய பழைய மாணவர் ஒருவர் வேறு விளக்கம் தந்தார். வெற்றுக் கட்டங்களைச் சொற்களால் நிரப்பச் சொல்லித் தலைமையாசிரியர் மாணவர்களிடம் கொடுப்பாராம், குறிப்புகளை மட்டும் அவர் எழுதுவாராம். பக்கத்து முகாம்களில் ராணுவ வீரர்கள் பேசிக்கொண்டதைக் கேட்ட பையன்கள் அந்தச் சொற்களைக் கட்டத்தில் போட்டுவிட்டார்களாம். இந்த விளக்கம் முழுதும் சரியா என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். முதலில் கட்டம், பிறகு குறிப்பு என்ற பட்டறை ஒழுங்கை இது தெளிவாகக் காட்டுகிறது.

நியாயம் இல்லாவிட்டால் குறுக்கெழுத்து என்னவாகும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று இருக்கிறது. 1930களில் ஆனந்த விகடன் உள்ளிட்ட தமிழ் இதழ்களிலும் குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டிகள் நடந்தன. பின்னர் நாடு முழுவதும் நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு பெரும் பரிசு அறிவிக்கும் போட்டிகள் பெருகின. இவற்றின் தந்திரம், ஒரு குறிப்புக்கு இரண்டு மூன்று சொற்கள் சமமாகப் பொருந்தும்படி அமைப்பது. எது சரி என்பது முன்கூட்டியே முத்திரையிட்டு வைத்த விடைத்தாளில் மட்டும் இருக்கும். ஃபாரல் அந்த இரட்டைக் கதவை வாசகரை மகிழ்விக்க வைத்தார், இவர்களோ அவர்களின் காசைப் பறிக்க வைத்தார்கள். 1955இல் மத்திய அரசு பரிசுப் போட்டிகள் சட்டத்தைக் கொண்டுவந்து, மாதப் பரிசின் மொத்த மதிப்பு 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தது. பெங்களூரிலிருந்து இத்தகைய போட்டி நடத்திய ஆர். எம். டி. சமர்பாக்வாலா தரப்பு இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது. 1957இல் வந்த தீர்ப்பு, சூதாட்டத்தையும் கணிசமான அளவு திறமையைச் சார்ந்த போட்டியையும் பிரித்து, சட்டத்தின் கட்டுப்பாடு முதல் வகைக்கே உரியது என்றது. ஜிமெனிஸ் பின்னாளில் தன் நூலில் போட்ட கோட்டையே நீதிபதிகள் வேறு வழியில் வந்து போட்டார்கள்.

நேர்மையான மரபு இந்தியாவில் இன்னொரு பக்கம் வளர்ந்தது. தி இந்து நாளிதழின் ஆங்கிலக் குறுக்கெழுத்து 1971இல் தொடங்கியபோது அதை அமைத்தவர், செங்கல்பட்டில் பிறந்த ராம் தாஸ் கட்டாரி. 1958இல் இந்தியக் கடற்படைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர் அவர். ஓய்வுபெற்ற தளபதி தேர்ந்தெடுத்த பொழுதுபோக்கு இது.

தமிழில் கட்டம் போட முனைபவர் முதல் நாளே மோதிக்கொள்வது எழுத்திலக்கணத்தோடு. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. தமிழில் ஓர் அறைக்கு ஓர் எழுத்து என்று வைத்தால் 247இல் எதுவும் வரலாம். எண்ணிக்கை மட்டும் சிக்கலில்லை. உயிரெழுத்து இன்றைய வழக்கில் சொல்லின் முதலில்தான் வரும். ஆகவே ‘அ’ இருக்கும் அறையில் இரண்டு சொற்கள் சந்தித்தால் இரண்டுமே அங்கேதான் தொடங்க வேண்டும். புள்ளி எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது. எனவே ‘மரம்’ என்ற சொல்லின் கடைசி அறையிலிருந்து கீழ்நோக்கி எந்தச் சொல்லையும் தொடங்க முடியாது.

இன்னும் நுட்பமானது மெய்ம்மயக்கம். க், ச், த், ப் ஆகிய நான்கும் தம் வரிசை எழுத்தோடு மட்டுமே சேரும். ‘பக்கம்’ என்பதன் நடுவிலுள்ள ‘க்’ மீது ஒரு சொல் கீழ்நோக்கி வெட்டினால், வலப்பக்க அறையில் ககர வரிசை எழுத்து, கீழ் அறையிலும் ககர வரிசை எழுத்து. ஓர் அறையை நிரப்பியதும் இரண்டு அறைகள் பாதி தீர்மானமாகிவிடுகின்றன. பக்தி, சக்தி போன்ற வடசொற்களைக் கொண்டுவந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். அமெரிக்கப் பாணியில் எல்லா அறைகளும் வெட்டிக்கொள்ளும் பெரிய கட்டத்தைத் தமிழில் சொல்வளம் கெடாமல் நிரப்புவது ஏறக்குறைய முடியாத காரியம். தமிழ்ப் புதிர்களில் கறுப்பு அறை மிகுந்திருப்பதைச் சோம்பல் என்று குறை சொல்வது நியாயமல்ல. மொழியின் எலும்புக்கூடு அப்படி. ஆனால் அதன் விளைவைக் கவனிக்க வேண்டும். வெட்டும் எழுத்துகள் குறையக் குறைய, விடுவிப்பவருக்குக் கட்டம் தரும் உதவி குறைகிறது. அந்தக் குறையைக் குறிப்பின் துல்லியம்தான் ஈடுகட்ட வேண்டும். ‘நிலவு’ என்று மட்டும் குறிப்பெழுதி மூன்று அறையை விட்டால் மதியம், திங்கள், சந்திரன் என்று மனதில் ஓடும் சொற்களை எண்ணிப் பார்த்துத்தான் கழிக்க முடியும். நான்கு அறை என்றால் திங்களும் மதியமும் இரண்டுமே நிற்கும்.

துல்லியத்துக்கான கருவிகள் தமிழிலக்கணத்தில் அடுக்கடுக்காக இருக்கின்றன. குறுக்கெழுத்து ஆங்கில இதழ்கள் வழியே வந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் தண்டியலங்காரம் சொல்லணியியலில் பட்டியலிடும் சித்திரகவி வகைகளைப் புதிர் அமைப்பவர் கண்ணால் படித்தால் சொந்த வீட்டுக்குள் நுழைந்த உணர்வு வரும். எழுத்தை ஒவ்வொன்றாக நீக்க வேறு வேறு சொல் பிறப்பது அக்கரச்சுதகம். ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொரு செய்யுளை ஒளித்துவைப்பது கரந்துறைச் செய்யுள். சிறு வினாக்களின் விடைகளைக் கோத்து ஒரு பெயரை எட்டுவது வினாவுத்தரம். நெடிலைக் குறிலாக்கிப் பொருளை மாற்றுவது மாத்திரைச் சுருக்கம். எந்தத் திசையில் படித்தாலும் ஒன்றாகவே அமையும் சருப்பதோபத்திரம் கட்டங்களிலேயே எழுதப்படுவது. இவை அனைத்திலும் கணக்கு முழு எழுத்தின் கணக்கு. ‘கி’ என்பது ஒன்று, ‘க்’ என்பது ஒன்று. கணினியோ ‘கி’யைக் ககரமும் இகரக் குறியுமாக இரண்டாகச் சேமிக்கிறது. ஆங்கிலப் புதிருக்காக எழுதிய மென்பொருளில் தமிழைப் போட்டால் கொக்கி ஓர் அறையிலும் எழுத்து ஓர் அறையிலும் விழுவது இதனால்தான்.

உதாரணத்துக்குச் சில குறிப்புகளை அமைத்துப் பார்க்கலாம். ‘முகம் பன்னீரில் மறைந்த கவிச்சக்கரவர்த்தி (4)’. முதல் இரண்டு சொற்களைச் சேர்த்துப் படித்தால் உள்ளே கம்பன் இருக்கிறார். ‘தகவு கலைந்து வாசலை மூடுவது (3)’. எழுத்தை இடம் மாற்றினால் கதவு. ‘கொடு, மானே, குளத்துப் பூ (3)’. கொடு என்பதற்குத் தா, மானினத்துக்கு மரை, சேர்ந்தால் தாமரை. காதலன் காதலியிடம் பூக் கேட்பதுபோல் காட்சி விரிகிறது, ஆனால் ஒரு சொல்லும் வீணில்லை.

இப்போது திருத்துபவரின் மேசைக்கு வருவோம். ‘தலையிழந்த நகரத்தின் கை (3)’ என்று ஒரு குறிப்பு வருகிறது. நகரம் தன் முதலெழுத்தை இழந்தால் கரம், பொருள் கை. படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் குறிப்பில் இருப்பது ‘நகரத்தின்’. அதன் தலையை வெட்டினால் ‘கரத்தின்’ என்றுதான் வரும். ஜிமெனிஸ் வழிப்பட்ட ஆசிரியர் இதை ‘நகரம் தலையிழந்தால் கை’ என்று திருத்துவார். மேற்படித் தாமரைக் குறிப்பில் ‘மானே’ என்பதன் ஏகாரத்தையும் அவர் விடமாட்டார். ஆனால் வேற்றுமை உருபும் விளியும் சாரியையும் இல்லாமல் தமிழ்த் தொடர் நடக்காது. அவற்றைச் சொல்லோடு சேர்த்து எண்ணுவதா, தள்ளி எண்ணுவதா என்பதை ஆங்கில விதி நூல் சொல்லித் தராது. இதைத் தமிழ் ஆசிரியர்கள் தாங்களே முடிவுசெய்து வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். தொடராக வரும் விடையில் வல்லெழுத்து மிகுமிடத்து ஒற்றுக்கு அறை உண்டா? காபியா, காப்பியா, இரண்டறையா, மூன்றறையா? ஒரே இதழில் இம்மாதம் ஒரு விதி, மறு மாதம் இன்னொன்று என்றால் விடுவிப்பவர் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார். அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

இந்த விதிகள் குழு கூடி ஒரே நாளில் வகுக்கக் கூடியவை அல்ல. ஜிமெனிஸ் செய்ததுபோல் ஒரு தமிழ் மாத இதழ் வாசகருக்கு ஒரே ஒரு சொல்லைக் கொடுத்துக் குறிப்பெழுதச் சொல்லி, வந்தவற்றை விளக்கத்தோடு வெளியிட்டால் ஓரிரு ஆண்டுகளில் வழக்கு தானே திரண்டுவிடும். பெரிய சொல் தேவையில்லை. ‘மாலை’ என்ற இரண்டெழுத்துச் சொல்லே போதும். பொழுது என்றும் பூத்தொடை என்றும் இரு பொருள் கொண்டு ஒருவர் எழுதுவார். குறிலை நெடிலாக்கும் மாத்திரை வருத்தனம் அறிந்தவர் ‘மலை முதலில் நீள, பொழுது சாயும் வேளை’ என்பார். சித்திரகவியில் தோய்ந்த ஒருவர், திருப்பிப் படித்தாலும் மாறாத மாலைமாற்றைத் தொட்டு, சொல்லைப் பின்னிருந்து படித்து ‘லைமா’வுக்கு ஏதேனும் வழி உண்டா என்று தேடுவார். வழி இல்லையென்று அடுத்த இதழில் ஆசிரியர் காரணத்தோடு எழுதுவார்.